சந்தனப் பொட்டு வைத்த ஹார்ட் டிஸ்க்

டிக். டிக். டிக்.

டியூப்லைட்டுப் பட்டைக்குப் பின்னாலிருந்து சத்தம் வருகிறது. ராஜபாளையத்து மதியம். தெருவில் ஓர் ஆள் இல்லை, மில் சங்கு ஊதி ஓய்ந்துவிட்டது. என் மனைவி தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்கிறாள்:

"ஏங்க, அது நெசப் பல்லிதானா? எந்திரிச்சுப் பாருங்க."

எழுந்து போய்ப் பார்க்கிறேன். பட்டையின் ஓரத்தில் ஒரு வால் நுனி. "பல்லிதான்" என்கிறேன். அதற்குப் பிறகுதான் அவள் கால் மறுபடி மெஷினில் இறங்குகிறது.

ஊரில் பல்லி சத்தம் போட்டால் விரலால் தரையைத் தட்டுவார்கள். திசை பார்த்துப் பலன் சொல்வார்கள். எங்கள் வீட்டில் மட்டும் கம்ப்யூட்டர் மேஜைக்கு ஓடுகிறோம். ஒரு மார்கழியில் அந்தச் சத்தம் எங்களை ஏமாற்றியது. அதைப் பற்றி எழுத வேண்டும் என்று எத்தனையோ பஸ்களில் உட்கார்ந்து யோசித்திருக்கிறேன். எழுத உட்கார்ந்தால் இறங்கும் இடம் வந்துவிடும். இன்று பல்லியே ஆரம்பித்துக் கொடுத்திருக்கிறது.

வீட்டின் முன்னறைதான் அவளுடைய கடை. ஒரு பக்கம் தையல் மெஷின், மறுபக்கம் எம்பிராய்டரி மெஷின், நடுவில் கம்ப்யூட்டர். கம்ப்யூட்டரில் ஒரு பூவை வரைந்து, எந்த நூல் எங்கே தொடங்கி எந்தப் பக்கம் சாய்ந்து எங்கே முடிய வேண்டும் என்று தையல் தையலாகச் சொல்லிக்கொடுத்தால், மெஷின் அதை அப்படியே பிளவுஸ் துணியில் போட்டுத் தரும். துணி வாடிக்கையாளருடையது. நூல் கடைத்தெருவில் கிடைக்கும். ஊசி முறிந்தால் வேறு ஊசி. வரைந்து வைத்த டிசைன் மட்டும்தான் அவளுடையது.

விலைக்கு விற்கும் டிசைன்கள் ஏராளம் உண்டு. எல்லாக் கடைகளிலும் அவற்றை வாங்கித்தான் போடுகிறார்கள், அவளும் போடுவாள். ஆனால் 'என்னுது' என்று பெயர் வைத்த ஒரு ஃபோல்டர் அவளிடம் இருந்தது. மாங்கொடி, தாழம்பூ, மழைக்கு முன் மலைமேல் ஏறும் மேகம், எல்லாம் அவள் மவுஸைப் பிடித்து, நாக்கை உதட்டோரம் துருத்திக்கொண்டு, ஒவ்வொரு தையலாக வைத்தது. அதில் ஒரு கிளி இருந்தது.

எங்கள் பக்கத்துக் கல்யாணப் பெண்ணுக்குக் கிளி இல்லாமல் முதுகு நிறையாது. ஆண்டாள் தோளில் இருப்பதை ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெண்கள் முதுகில் கேட்பார்கள். விலைக்கு வரும் கிளிகள் எப்போதும் ஜோடி. எதிரெதிராக உட்கார்ந்து, நடுவில் ஒரு மாம்பழத்தைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கும். அவளுடைய கிளி தனிக் கிளி. போகிற போக்கில் யாரோ கூப்பிட்டதும் கழுத்தைத் திருப்பிப் பார்க்கிற கிளி. இறக்கையில் பச்சை நூலையே மூன்று விதமாகச் சாய்த்திருப்பாள். போட்டிருக்கிற பெண் அசைந்தால் பச்சை மினுங்கி, இதோ பறக்கப் போகிறது என்று தோன்றும். அந்தக் கழுத்துத் திருப்பத்தை நான் வரியில் எழுதிப் பார்த்தேன். வரவில்லை. அவளுக்கு நூலில் வந்துவிட்டது.

நான் ஓரிடத்தில் உட்காராதவன். நூல் ஏஜென்ட் வேலை. மில்லுக்கும் விசைத்தறிக்கும் நடுவில் என் கால் தேயும். எழுதுவதெல்லாம் பஸ் டிக்கெட்டின் பின்புறமும் போனிலும். அவள் அப்படியில்லை. உட்கார்ந்தால் ஒரு கிளி முடியும் வரைக்கும் எழுந்திருக்க மாட்டாள்.

அந்த மார்கழியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து ஒரு கல்யாண வீட்டு ஆர்டர் வந்தது. பெண்ணுக்கும், பெண்ணின் அக்கா தங்கை, அத்தை, சித்தி எல்லாருக்கும் பிளவுஸ். தை முகூர்த்தம். அவள் வாங்கிய ஆர்டர்களில் அதுதான் பெரியது. அவர்கள் துணிகளைக் கொடுத்துவிட்டுப் போன சாயங்காலம், மேஜையில் கையை ஊன்றிக்கொண்டு என்னிடம் சொன்னாள்:

"தேதிக்கு முன்னாடியே முடிச்சுக் குடுத்துருவேன், பாருங்க."

டிக் டிக் டிக்.

"பாத்தீகளா! பல்லி சொல்லிருச்சு!" மேஜை விளிம்பை விரலால் தட்டினாள். தலையைச் சாய்த்துத் திசையைக் கணக்குப் பார்த்தாள். "வடக்கால இருந்து சொல்லுது. ரொம்ப நல்லது."

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. ஆனாலும் சந்தோஷமாகத்தான் இருந்தது. மறுநாளும் அவள் டிசைனைத் திறக்கும்போது சத்தம் வந்தது. அதற்கு மறுநாளும். "இந்தப் பல்லிக்கு எந் தொழில் மேல எம்புட்டு அக்கறை" என்பாள். வீட்டுக்காரியின் வேலைக்கு ஆமாம் போடும் பல்லியைப் பற்றி நான் அரைப் பக்கம் எழுதியும் வைத்தேன். நல்ல அரைப் பக்கம்.

ஒரு காலையில், அவள் டிசைன்கள் எல்லாம் இருக்கும் ஹார்ட் டிஸ்க் கம்ப்யூட்டர் திரையில் தெரியவில்லை. வயரைப் பிடுங்கிச் சொருகினாள். தெரிந்தது, மறைந்தது. பல்லி மட்டும் விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தது. அவள் மெதுவாகக் குனிந்து மேஜைமேல் காதை வைத்தாள். அப்படியே என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் மறக்க மாட்டேன்.

"ஏங்க... பல்லி பெட்டிக்குள்ள இருக்கு."

உள்ளங்கை அளவு கறுப்புப் பெட்டி அது. வேலை இல்லாத நாட்களில் பீரோவுக்குள், அவள் கூறைப்புடவை மடிப்புக்குள், நகைப்பெட்டிக்குப் பக்கத்தில் தூங்கும். அந்துருண்டை வாசம் அடிக்கும் ஹார்ட் டிஸ்க் இந்த ஜில்லாவிலேயே அது ஒன்றாகத்தான் இருக்கும்.

"கம்ப்யூட்டர்ல இருக்குல்ல?" என்றேன்.

"அது மெதுவாப் போகுதுன்னு எல்லாத்தையும் இதுக்கு மாத்திட்டேன். இதுதான் பத்திரம்னு."

"காப்பி ஒண்ணு எடுத்து வச்சிருக்கலாம்ல?"

"நகையப் பீரோவுல வைக்கோம். அதுக்குக் காப்பியா வச்சிருக்கோம்?"

பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினோம்.

எங்கள் ஊர்க் கடையில் ஒருவர் கையில் வாங்கி ஒரு குலுக்குக் குலுக்கி, "புதுசு வாங்கிக்கோங்க" என்றார். அவர் குலுக்கியபோது இவள் நெஞ்சில் கை வைத்தாள். வெடுக்கென்று வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். பிறகு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ். மார்கழிக் கூட்டம். ஈரத் தலையும் துளசி வாசமுமாகப் பெண்கள். பெட்டியைத் துண்டில் சுற்றி மடியில் வைத்து, இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டாள். பக்கத்தில் நின்ற அம்மா, "என்னம்மா, கோழிக்குஞ்சா?" என்று கேட்டார். "ஆமாம்மா" என்றாள் இவள், யோசிக்காமல்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துச் சந்தில் ஒரு கம்ப்யூட்டர் கடை. கடைக்காரர் எங்களைவிடக் கொஞ்சம் இளையவர், வாய் ஓயாத ஆள். வருகிற எல்லா மெஷினையும் 'பேஷண்ட்' என்றுதான் சொல்வார். துண்டைப் பிரித்ததும் மூக்கைச் சுளித்தார்.

"என்னக்கா, பேஷண்ட் கல்யாணத்துக்குப் போயிட்டு வந்திருக்காரா? இப்படி மணக்குது?"

வயர் சொருகும் துளைக்குள் டார்ச் அடித்து, லென்ஸ் வைத்துப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். பிறகு லென்ஸை என்னிடம் நீட்டினார். நானும் பார்த்தேன். மஞ்சள், அதன் மேல் சிவப்பு, மறுபடி மஞ்சள், மறுபடி சிவப்பு. காய்ந்து வெடித்த குளத்து மண்போல அடுக்கடுக்காக.

"அக்கா, இது ஹார்ட் டிஸ்க்கா, புறப்பாட்டுச் சாமியா?"

"ஆயுத பூசைக்குப் பொட்டு வைக்கது. கத்தரிக்கோலுக்கு, மெஷினுக்கு, டேப்புக்கு எல்லாத்துக்குந்தான் வைக்கோம்."

"வைங்க, வேணாங்கல. எங்க வச்சீங்க?"

"மொகத்துல."

"இதுக்கு ஏதுக்கா மொகம்?"

"வாய் இருக்க பக்கந்தான மொகம்? பின்ன முதுகுலயா வைப்பாக?"

அவர் சிரித்துச் சிரித்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். இவள் சிரிக்கவில்லை. கடையைச் சுற்றி ஒரு பார்வை விட்டாள். அவருடைய மானிட்டர் சட்டத்தில், பிரிண்டர் மூடியில், கல்லாப் பெட்டியில் எல்லாம் புரட்டாசிச் சந்தனம் காய்ந்து கிடந்தது.

"நீங்களும் வச்சிருக்கீக."

"நான் ஓரமா வைப்பேன்க்கா."

"ஓரமா வச்சா அது பொட்டா?"

அவருக்குச் சிரிப்பு நின்றது. "அதுவுஞ்சரிதான்" என்றார்.

பிறகு நிதானமாகச் சொன்னார். வருஷா வருஷம் வைத்த சந்தனம் வழிந்து துளைக்குள் இறங்கியிருக்கிறது. கரண்ட் முழுசாகப் போகவில்லை. உள்ளே தட்டைப் படிக்கிற முள் ஒன்று உண்டு. அது எழுந்திருக்கப் பார்க்கும், தெம்பு பத்தாமல் விழும், மறுபடி எழும். அந்தச் சத்தம்தான் டிக். இத்தனை நாள் விழுந்து விழுந்து அதற்கு அடிபட்டிருக்கிறது.

"நம்ம பல்லின்னு நெனச்சு, பேசட்டும்னு விட்டுட்டோம்" என்றேன்.

"பேசல சார். கத்தியிருக்கு."

ஸ்பிரிட்டும் பிரஷ்ஷும் எடுத்து, பொடிப்பொடியாகச் சந்தனத்தைக் கிளறி எடுத்தார். பல் தேய்த்துவிடுவது போல. பிறகு வயரைச் சொருகிவிட்டு, சிரிப்பெல்லாம் இல்லாத குரலில் சொன்னார்:

"அக்கா, நல்லாக் கேட்டுக்கோங்க. இப்ப ஓடுது. எந்நேரமும் நின்னுரும். நின்னா நின்னதுதான். ஓடுற வரைக்கும் நான் எடுத்து வேற டிஸ்க்குல போடுறேன். எதை மொதல்ல எடுக்கட்டும்?"

ஃபேன் சுற்றியது. பக்கத்துக் கடையில் பால்கோவா கிண்டும் வாசனை. நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொல்லிவிட்டாள்.

"கல்யாண வீட்டு ஆர்டர்."

"உன்னோடத மொதல்ல எடுக்கச் சொல்லு" என்றேன். "கல்யாண வீட்டு டிசைன் பூரா வெலைக்கு வாங்குனதுதான? திரும்ப வாங்கிக்கலாம்."

"வாங்கலாம். ஆனா அவுக அவுக ஒடம்புக்குத் தக்கன ஒவ்வொண்ணையும் சுருக்கி, பேரெழுத்துப் போட்டு வச்சிருக்கேன். அத திரும்பப் பண்ண நாளில்ல. எம் பேச்ச நம்பித் துணி குடுத்திருக்காக." அவரைப் பார்த்துத் திரும்பினாள். "எடுங்க தம்பி. எங் கிளி எங்க போயிரப் போகுது."

நான் வெளியே போய் நின்றேன். உள்ளே வந்தேன். மறுபடி வெளியே போனேன். என் பழக்கம் அது. அவள் ஸ்டூலை விட்டு அசையவில்லை. கல்யாண வீட்டு ஃபோல்டர் தவழ்ந்து தவழ்ந்து முழுசாக வந்து சேர்ந்தது.

"அடுத்து?"

"இவுக எழுதுனது" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் போனில் எழுதியதையெல்லாம் எப்போதோ அதில் ஏற்றி வைத்திருக்கிறாள். எனக்கே தெரியாது. "அதெல்லாம் வேண்டாம், அவளோடத எடுங்க" என்று நான் சொல்வதற்குள், கடைக்காரர் மவுஸைத் தட்டி முடித்துவிட்டார்.

"வந்திருச்சு சார்."

"என்ன வந்திருச்சு?"

"நீங்க எழுதுனது எல்லாம். ஒரு போட்டோ அளவுகூட இல்ல சார். மொத்த வாழ்க்கையும் கண்ண மூடித் தொறக்க முன்ன முடிஞ்சுபோச்சு." பிறகு தானே வருத்தப்பட்டவர் போல, "நல்லா எழுதிருப்பீங்க" என்றார்.

அடுத்து 'என்னுது'. மாங்கொடிகள் கொஞ்சம் வந்தன. தாழம்பூ ஒன்று வந்தது. பிறகு திரையில் பச்சைக் கோடு நகராமல் நின்றது. டிக். அவர் கையை மெஷினிலிருந்து எடுத்துவிட்டார். டிக். டிக். பெட்டியைத் திருப்பி வைத்தார். ஆறவிட்டுப் பார்த்தார். வயரை மாற்றிப் பார்த்தார். கடைசியாக ஒரு சத்தம், நகம் சிலேட்டில் கீறுவது போல. அதற்குப் பிறகு அதுவும் இல்லை.

"அம்புட்டுதான்க்கா. அந்த எடத்துக்குப் போனாலே முள்ளு தெணறுது. சென்னையில தொறந்து பாக்குற எடம் இருக்கு. வந்தாலும் வரலாம். வராமலும் போகலாம்."

அவள் பெட்டியைத் துண்டில் சுற்றினாள். அதே மாதிரி, அதே பத்திரத்துடன். "அது ஒறங்கட்டும்" என்றாள்.

திரும்பும் பஸ்ஸில் மேற்கே மலை கூடவே வந்தது. நான் பேசிக்கொண்டே வந்தேன். சென்னைக்குப் போகலாம், கடன் கிடன் வாங்கிக்கூடப் பார்க்கலாம், நீ ஏன் அப்படிச் சொன்னாய், உன்னுடையதை முதலில் எடுத்திருந்தால்...

"செத்த நேரம் பேசாம வாங்க" என்றாள்.

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அப்போதுதான் கோபம் தணிந்து வேறொன்று ஏறியது. தன் கைவேலை முழுக்க ஒரு பக்கம், அடுத்த வீட்டுப் பெண்ணுக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம். அவளுக்கு யோசிக்க ஒரு மூச்சு நேரம்கூடத் தேவைப்படவில்லை. இப்படி ஒருத்தி பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கிறாள் என்று டிரைவரிடம் போய்ச் சொல்ல வேண்டும் போல இருந்தது. சொல்லவில்லை. பின்னால் ஊரில் ஒருவர் விடாமல் சொன்னேன்.

சொன்ன தேதிக்கு முன்னாலேயே பிளவுஸ்களை முடித்துக் கொடுத்தாள். வேலை நடந்த நாட்களில் கிளியைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஆனால் காலையில் கம்ப்யூட்டரைப் போட்டதும் அவள் கை 'என்னுது' இருந்த இடத்துக்கு ஒரு தடவை போகும். நின்றுவிட்டுத் திரும்பும். அதை நான் பார்க்காதது போல் இருப்பேன்.

கல்யாணத்துக்கு எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் மண்டபம். நாங்கள் கடைசி வரிசை நாற்காலி. மேடை அரைகுறையாகத்தான் தெரிந்தது. முன்னால் தெரிந்ததெல்லாம் முதுகுகள். பட்டு, ஜரிகை, மல்லிகைச் சரம், சரத்துக்குக் கீழே பிளவுஸ். மேளம் ஏறிக்கொண்டிருந்தது. திடீரென்று அவள் என் முழங்கையைக் கிள்ளினாள். நன்றாகவே கிள்ளினாள்.

"ஏங்க. அந்தா, எம் ஃபைலு உக்காந்திருக்கு."

"எங்க?"

"அரக்குச் சேல. சரத்துக்குக் கீழ. அது எம் மாங்கொடி. வராமப் போன மாங்கொடி."

மேளம் கொட்டி எல்லாரும் அட்சதை தூவினார்கள். அவள் தூவின கையோடு எழுந்து அந்த அரக்குச் சேலையின் பின்னால் போய் நின்றாள். அந்த அம்மா திரும்பிப் பார்த்து, "ஏட்டி, நீ தச்சதுதான்! என்னத்த இப்படிப் பாக்க? தையல் விட்டுருச்சா?" என்றார். இவள், "அப்படியே நில்லுங்க மதினி, அசையாதீக" என்று போனை எடுத்தாள். மேடையில் தாலி கட்டி முடிந்து பெண்ணையும் மாப்பிள்ளையையும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். என் மனைவி ஒரு முதுகைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் போட்டாள். நான் திருத்திக் கொடுக்கவா என்று கேட்டதற்கு, வேண்டாம் என்றுவிட்டாள். 'நான் தச்ச பிளவுஸ் வச்சிருக்கவுக முதுகுப் பக்கமும் கைப் பக்கமும் போட்டோ எடுத்து அனுப்புங்க. என்னோட டிசைன் எல்லாம் போயிருச்சு.' அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் போன் ஓயவில்லை.

கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருப்பவரின் மனைவி, நிக்காஹ்வுக்குத் தைத்த பிளவுஸின் கையைப் படம் எடுத்து அனுப்பி, "கை மட்டுந்தான்மா வரும், மொகம் வராது, பரவாயில்லையா?" என்று குரல் பதிவு போட்டிருந்தார். எதிர்வீட்டுத் தெலுங்குக்கார அம்மா கையோடு பிளவுஸையே எடுத்து வந்து மேஜையில் விரித்து, தான் வாங்கியதைத் தானே ரசித்து, "பாகுந்தி" என்று தலையாட்டிவிட்டு, மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். படம் எடுக்க இன்னொரு தடவை கூப்பிட வேண்டியிருந்தது. வத்திராயிருப்பிலிருந்து ஒருவர் பஸ்ஸில் கொடுத்துவிட்டார். நான் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் நின்று வாங்கினேன். "என்ன சார் இது, இம்புட்டுப் பத்திரமாக் குடுத்துவிட்டாவ?" என்று கண்டக்டர் மஞ்சப்பையை நீட்டினார். "ஹார்ட் டிஸ்க்" என்றேன். அவர் பையை அமுக்கிப் பார்த்தார்.

கூடவே பேச்சும் வரும். "எனக்கு இப்பச் சேர மாட்டேங்குது, ஆனா யாருக்கும் குடுக்க மாட்டேன்." "என் நாத்தனா இதக் கேட்டு அழுதா, தெரியுமா?" "இதுல ஒரு பூ கொறச்சுட்டீக, அன்னிக்கே சொல்லணும்னு நெனச்சேன்." எத்தனையோ வீடுகளின் பீரோக்களில் அந்துருண்டை போட்டு, பேப்பர் சுற்றி, அவள் வேலை பத்திரமாக இருந்திருக்கிறது. அவள் ஒவ்வொன்றாகப் பார்த்து மறுபடி வரைந்தாள். சிலவற்றைப் பார்த்து, "ஐயய்ய, அப்பத் தெரியாமப் பண்ணிட்டேன்" என்று மாற்றினாள். நான் சாயங்காலம் வீட்டுக்குச் சீக்கிரம் வரத் தொடங்கினேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

இப்போது எல்லாம் மூன்று இடங்களில் இருக்கிறது. ஒன்று இங்கே மேஜையில். ஒன்று ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடைக்காரரிடம். இன்னொன்று இன்டர்நெட்டில். அதை அவள் 'மேல' என்பாள், "மேல ஏத்திட்டேன்" என்று விரலால் மோட்டுவளையைக் காட்டி. மாதம் பிறந்தால், வாசல் கழுவிக் கோலம் போட்ட கையோடு முதல் வேலை காப்பி எடுப்பதுதான். போன ஆயுத பூஜைக்கு டிஸ்க்குகளை டப்பாவுக்குள் வைத்து, டப்பா மூடியில் பொட்டு வைத்தாள். செத்துப்போன பழைய பெட்டியையும் பொரி கடலைக்குப் பக்கத்தில் வரிசையில் வைத்திருந்தாள். அதற்கு மட்டும் வாய் நிறைய, வழிய வழியச் சந்தனம். "இனி என்ன ஆகப் போகுது அதுக்கு?" என்றாள்.

ஆனால் சொல்கிற அவசரத்தில் கிளியை விட்டுவிட்டு ஓடி வந்துவிட்டேன்.

வந்த படங்களில் கிளிகள் இருந்தன. எல்லாம் வாடிக்கையாளர் கேட்டதற்காக அவள் மாற்றிப் போட்டவை. ஜோடி சேர்த்தது, மாம்பழம் கொடுத்தது, கழுத்தை நேராக்கியது. திரும்பிப் பார்க்கிற கிளி எதிலும் இல்லை. ஞாபகத்திலிருந்து வரைந்து பார்த்தாள். கழுத்து திரும்பியது. ஆனால் யாரும் கூப்பிட்டதாகத் தெரியவில்லை. அழித்தாள், வரைந்தாள், அழித்தாள். "கை மறந்துருச்சு" என்று மவுஸைத் தள்ளி வைத்தாள். அவள் கலங்கி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

பிறகு ஒரு போன் வந்தது. கூமாப்பட்டியில் இருந்து, நெல்லும் தென்னையும் வைத்திருக்கும் வீட்டு அம்மா. அந்தக் கிளியை அவள் முதன்முதலாகப் போட்டது அவருக்குத்தான். ஸ்டேட்டஸ் பார்க்கிற பழக்கமெல்லாம் அவருக்கு இல்லை, யாரோ சொல்லித் தெரிந்திருக்கிறது.

"கிளி எங்கிட்டத்தான் இருக்கு. பஸ்ஸுல எல்லாம் குடுத்துவிட மாட்டேன். வேணும்னா வந்து பாத்துக்கோங்க."

போனோம். பஸ் வத்திராயிருப்பைத் தாண்டியதும் காற்று மாறியது. மலை பக்கத்தில் வந்து நின்றது. மாமரங்கள் பூத்திருந்தன. அந்த அம்மா பஸ் நிறுத்தத்துக்கே வந்து கூட்டிப்போனார். இவள் வயதுதான், ஒன்றிரண்டு கூட இருக்கலாம். பீரோவைத் திறந்து, அடியிலிருந்து ஒரு பாலித்தீன் கவரை எடுத்தார். கட்டிலில் விரித்தார். கிளிப்பச்சை இல்லை, மயில் நீலத் துணி. முதுகு நடுவில் அது உட்கார்ந்திருந்தது, கழுத்தைத் திருப்பிக்கொண்டு.

என் மனைவி முதலில் அதைப் பார்க்கவே இல்லை. பிளவுஸை உள்வெளியாகத் திருப்பினாள்.

"என்னத்துக்குத் திருப்புதீக? அழகு அந்தப் பக்கம்ல இருக்கு?" என்றார் அந்த அம்மா.

"வழி இந்தப் பக்கந்தான்க்கா தெரியும்."

நூல் எங்கே தொடங்கியது, எங்கே தாவியது, எங்கே முடிச்சு விழுந்தது என்று விரலை வைத்துப் போனாள். கழுத்துக்கு வந்ததும் விரல் நின்றது. தையல் அங்கே எதிர்ப்பக்கமாகச் சாய்ந்திருந்தது. "ஆ, இதுதான்" என்றாள் மெதுவாக. ஜன்னல் வெளிச்சத்துக்கு இழுத்து, பக்கத்தில் ஸ்கேல் வைத்து, உள்ளும் வெளியும் படம் எடுத்தாள். அங்கேயே எடுத்த படங்களை எனக்கும் கடைக்காரருக்கும் அனுப்பினாள். வந்துவிட்டதா என்று என் போனை வாங்கிப் பார்த்த பிறகுதான் நிமிர்ந்தாள். முகம் அப்படி ஒரு தெளிவாக இருந்தது.

"வால் கோணலா இருக்கே, இப்படியா வச்சிருந்தேன்? மாத்திரணும்."

"வால்ல கைய வச்சீக, பாத்துக்கோங்க" என்றார் அந்த அம்மா. "கோயில்ல பின்னால நின்னவுக எம் முதுகத் தொட்டுக் கேட்டாக, 'கிளிய எங்க புடிச்ச'ன்னு. வாலப் பாத்துத்தான் கேட்டாக."

வால் அப்படியே இருக்கட்டும் என்று முடிவானது. மோர் குடித்தோம். தேங்காய் கட்டிக் கொடுத்தார். பஸ் நிறுத்தம் வரைக்கும் கூட வந்தார். வரும்போதே மஞ்சப்பை ஒன்றைக் கையில் வைத்திருந்ததை நான் கவனித்தேன். பஸ் வந்து நின்றது, நான் ஏறிவிட்டேன், கண்டக்டர் "சீக்கிரம், சீக்கிரம்" என்றார். அப்போது அந்த அம்மா பையை என் மனைவியின் கையில் திணித்தார். உள்ளே மயில் நீலம்.

"எடுத்துட்டுப் போங்க. எனக்குச் சேரவும் மாட்டேங்குது. உங்க கிளி உங்ககிட்டயே இருக்கட்டும்."

அவள் படியில் ஒரு காலை வைத்தபடி அந்தப் பையை ஒரு தடவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். பிறகு அவர் கையிலேயே திருப்பி வைத்து, விரல்களை மூடிவிட்டாள்.

"ஐயோ, வேண்டாம்க்கா. உங்க பீரோவுலயே இருக்கட்டும். எங்கிட்ட இருந்தா சந்தனம் வச்சுப்புடுவேன்."